தாளின் பின்பக்கம்

"தாள் எனக்கு வேணாம் சார். பின்பக்கம் மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றாள் ஜீவிதா.

தசரதனுக்கு அப்பாடா என்றிருந்தது.

காலையிலேயே பழைய பேப்பர் கடை ஹாஜா மைதீன் போனில் எச்சரித்திருந்தார். "சார், ஒரு அக்கா உங்க வூட்டுக்கு வந்துகினு கீது. அந்த ரயில் பாட்டு அவங்க வூட்டுச் சரக்காம். அழுது கிழுது கேட்டா குடுத்துடாதீங்க. அப்பறம் ஊரே என் கடை வாசல்ல வந்து நிக்கும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

எப்படி மறுப்பது என்று தசரதன் காபி போடும்போதே யோசித்து வைத்திருந்தார். ரயில் கவிழ்ந்ததைப் பற்றிய சிந்துப் பாட்டு அது, ஹாஜா கடையில் கிடைத்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் தாம்பரம் ரயில்களில் பாடிக்கொண்டே பத்துப் பைசாவுக்கு விற்ற ஒற்றைத் தாள். இன்னொரு பிரதி எங்கேயும் கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார்.

அஸ்தினாபுரம் வீட்டின் முன்னறையில் அந்த மாதிரி ஆயிரத்துச் சொச்சம் தாள்கள் இருந்தன. கொலைச் சிந்து, புயல் பாட்டு, கல்யாண வாழ்த்து, எங்கோ ஒரு தியேட்டர் திறந்ததற்கு ஒரு கும்மி. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பதிவு. முதல் அடி, மெட்டு, அச்சகம், அளவு, குறை.

குறை என்ற கட்டம் அவராகச் சேர்த்தது. மறைமலை நகரில் முப்பது வருஷம் வண்டி உதிரிபாகங்களைச் சோதித்துக் கழித்தவர். எதைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் கீறலைத்தான் தேடும். கண்டுவிட்டால் கை சும்மா இருக்காது.

நோட்டு மேசைமேல் திறந்தே கிடந்தது. தாளை உறையிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி வைத்தார்.

பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

ஜீவிதா குனிந்து பார்த்தாள். தாளை ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். போனில் கேமரா திறந்தபடியே இருந்தது.

"எங்கம்மா இதுலதான் எழுதிப் பழகுனாங்க சார். அங்காளம்மாள்னு அவங்க பேரு."

தசரதன் காலி உறையை மேசைமேல் நேராக்கி வைத்தார்.

"நான் மூணாவது படிக்கும்போது ரேங்க் கார்டுல கைநாட்டு வெச்சு அனுப்பிட்டாங்க. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு வாரம் நான் அம்மாகிட்ட பேசல. வீட்ல வேற பேப்பர் இல்லாம, பெட்டியில இருந்த இந்தப் பாட்டை எடுத்துத் திருப்பி வெச்சு, என் பென்சிலை வாங்கி... அடுத்த கார்டுல கையெழுத்து போட்டாங்க சார்."

"அந்தக் கார்டு?"

"ஸ்கூல்ல திருப்பி வாங்கிட்டாங்க. அதுக்கப்பறம் அவங்க பேனாவே தொடல. கூச்சமாம். பேங்க் புக்லகூட கைநாட்டுதான். போன மாசம் இறந்துட்டாங்க. நான் போறதுக்குள்ள தம்பி பெட்டியோட எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டான்."

தசரதனுக்குக் காது மடல் சுட்டது. இடது உள்ளங்கை தானாக நகர்ந்து, திறந்திருந்த நோட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"எனக்கு வரும்போதே இப்படித்தாம்மா இருந்துச்சு."

அவள் உடனே நம்பிவிட்டாள். ஒரு சந்தேகப் பார்வையாவது பார்த்திருக்கலாம்.

"அப்ப இது வேற தாள் போல சார். ஒரே பாட்டை நெறைய பேர் வாங்கியிருப்பாங்க, இல்ல?"

"ஆமாம்மா" என்றார் தசரதன். "நெறைய அச்சடிப்பாங்க."

அவள் தாளை அவர் பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் எடுத்து, உறைக்குள் மெதுவாகத் தள்ளினாள். ஒரு மூலைகூட மடங்கவில்லை.

"எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க சார். அம்மாவோட தாளும் உங்க கைக்கே வந்திருந்தா பத்திரமா இருந்திருக்கும்."

துண்டுச் சீட்டு ஒன்றில் போன் நம்பரை எழுதி வைத்தாள். கண்ணில் பட்டால் சொல்லச் சொன்னாள். பாய் கடையில் இன்னும் இரண்டு மூட்டை பிரிக்காமல் இருக்கிறதாம். தன் ஊரான சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்புவதற்குள் அதையும் கொட்டிப் பார்த்துவிடுவாளாம். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு.

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கேட்டின் கொக்கி விழுந்தது. தெருமுனை வரை அவள் போயிருப்பாள், கூப்பிட்டால் காதில் விழும்.

தசரதன் நோட்டிலிருந்து கையை எடுத்தார்.

தாள் எண் 1014. அதற்கு நேரே, குறை என்ற கட்டத்தில், அவருடைய குண்டு குண்டான எழுத்து:

'பின்பக்கம் பென்சில் கிறுக்கல். ஒரே பெயர், முப்பத்தோரு முறை. முதல் வரிகள் கோணல், கடைசி வரி நேர். ரப்பரால் முழுமையாக நீக்கப்பட்டது.'

பக்கத்தில், சரிபார்த்ததற்கு அடையாளமாக, அவருடைய கையெழுத்து.