இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர்

நண்பகல் வெயில் கூடத்தில் பாதிவரை விழுந்து கிடக்கிறது. அம்மாக்காரி செல்போனையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகன் வரும் விமானம் திரையில் நடுக்கடலுக்கு மேல் ஈ அளவில் தெரிகிறது. வந்துசேர இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் என்று போட்டிருக்கிறது. வெகுநேரமாக அது நகரவே இல்லை. அப்போது வாசல் கதவு மெல்லத் தட்டப்படுகிறது. "அம்மா, நான்தான். கதவைத் திற." அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்கிறது. "ஏண்டா கண்ணு, அதுக்குள்ள எப்படிடா வந்தே?" "தெரியலம்மா. ரொம்பக் குளிருது." கதவின் அடியிலிருந்து உப்பு வாடையோடு ஈரக்காற்று வந்து அவள் பாதங்களைச் சில்லிட வைக்கிறது. வெளியே பற்கள் தந்தியடிக்கும் சத்தம், சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் கேட்ட அதே சத்தம். "இதோ வந்துட்டேன்டா" என்றபடி அவள் தாழ்ப்பாளை விலக்குகிறாள்.