பதாகையின் இடது முனை

அருகே வாருங்கள் கண்மணிகளே, மான்ட்ரியல் விமான நிலைய வாசலைக் காட்டுகிறேன். பனிமேட்டில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. விமானிகளின் வேலைநிறுத்தத்துக்கு இது மூன்றாம் நாள். கோட்டுக் கையில் நான்கு பொன்பட்டை மின்ன நிற்கிற கேப்டன் ஜிஸெல், பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிற அமெரிக்கக் கேப்டன் டுவைட்டை முறைக்கிறாள். போன வேலைநிறுத்தத்தில் இவளுடைய பயணிகளை ஏற்றிப் பறந்து போராட்டத்தை முறித்தது அவருடைய சங்கம்தான். “இந்தத் தடவையும் எங்க ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போக வந்தீங்களாக்கும்?” “ஏத்தத்தான் எங்க கம்பெனில சொன்னாங்க. ஒருத்தரும் ஓட்டமாட்டோம்னு எங்க சங்கம் காலையில எழுதிக் குடுத்துருச்சு. அத நேர்ல சொல்லத்தான் வந்தேன். பதாகை புடிக்க எடம் இருக்கா?” ஜிஸெல் பதாகையை நீட்டுகிறாள். இருவரும் இடது முனைக்கே போய்த் தோளோடு தோள் முட்டிக்கொள்கிறார்கள். விமானத்தில் கேப்டன் உட்காருவது இடப்பக்கம். அந்தப் பழக்கம் காலை இழுக்கிறது. “ரெண்டு கேப்டன் இருந்தா வண்டி கெளம்பாதுப்பா” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கிண்டலடிக்க, அத்தனை தொப்பிகளும் சிரிப்பில் குலுங்குகின்றன. டுவைட் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, துணை விமானியின் பக்கமான வலது முனைக்கு நடக்கிறார். “நீங்க ஓட்டுங்க கேப்டன், நான் தொணைக்கு இருக்கேன்.” பதாகை காற்றில் விரிகிறது. உங்கள் வீட்டிலும் பக்கத்தில் வந்து நிற்க ஆள் குறையாதிருக்கட்டும், கண்மணிகளே, சிரிப்பும் நிறைந்திருக்கட்டும்.