ஐயாவின் எதிரி

புலம்பெயர்ந்து வந்த மவுண்ட் ரோஸ்கில் வீட்டின் கராஜ் கதவு திறந்திருக்கிறது. மழை விட்ட வெயில் நாற்காலிக் காலைத் தொட்டு நிற்கிறது. கழுத்தில் துவாயும் முகமெல்லாம் நுரையுமாகப் பஞ்சாட்சரம் ஐயா அண்ணாந்திருப்பதை, தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்க்கிறாள் மனைவி வசந்தமலர். தனிநாடு கேட்டுச் சண்டை நடந்த காலத்தில் வன்னியில் நீதிபதியாக இருந்தவர். இப்போது கை நடுங்குகிறது. சனிக்கிழமைகளில் யசீகரன் வந்து சவரம் செய்துவிடுகிறான். பீஜோவாப் பழம் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சுந்தரியிடம் யசீகரனைக் காட்டி, "இவர் என்ரை எதிரி," என்கிறார் ஐயா, பெருமையாக. சுந்தரி சவரக்கத்தியைப் பார்க்கிறாள். "ஐயோ, எதிரிகிட்டயா கழுத்தைக் குடுத்திருக்கீங்க?" வசந்தமலருக்குச் சிரிப்பு வருகிறது. "குற்றவாளிக்கூண்டிலை நிண்ட ஆளைக் கோட்டிலை அப்பிடித்தான் சொல்லுறது, பிள்ளை. மண்ணெண்ணெய்க் கேன் களவெடுத்ததெண்டு இவர்தான் ஆளைச் சிறையிலை போட்டவர்."

நுரைக்குள்ளிருந்து வழக்கமான கேள்வி வருகிறது. "தம்பி, உண்மையைச் சொல்லும். நீர் எடுத்தனீரோ?" கத்தி நிற்கிறது. கேனைத் தொடவேயில்லை என்று யசீகரன் வசந்தமலரிடம் எப்போதோ சொல்லிவிட்டான். ஐயாவோ அந்தத் தீர்ப்பை நினைத்து நித்திரையில்லாமல் எழுந்து உட்காருகிறவர். இதுவரை பதில் சொல்லாமலே வழித்து முடித்தவன், இன்று வசந்தமலரை நிமிர்ந்து பார்க்கிறான். அவள் கோப்பைக்குள் பார்க்கிறாள்.

"ஓம் ஐயா, எடுத்தனான். நாடியைத் தூக்குங்கோ."

ஐயா கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைபோல நாடியைத் தூக்கிக் கொடுக்கிறார்.