லிண்டோ கொண்டுவந்த எஞ்சின்

பயஸின் வெள்ளைச் சட்டை துவைத்து உலர்ந்து கொடியில் கிடந்தது. நாளைக் காலை திருவனந்தபுரத்தில் இன்டர்வியூ. ஆனால் சட்டையைத் தேய்த்துத் தர மாட்டேன் என்று மனைவி ஸ்டெஃபி சொல்லிவிட்டாள்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். பொழியூர் கடற்கரையில் வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்க பயஸை விட்டால் ஆளில்லை. அப்படிப்பட்டவன் தபாலில் பி.ஏ. முடித்துவிட்டு, இந்த வயதில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போகிறேன் என்றால் எந்த மனைவிக்குத்தான் சிரிப்பு வராது? மனுஷர்களுடைய கஷ்டத்தைக் கேட்டு உதவுகிற படிப்பு என்று அவன் விளக்கியதும் அவள் இன்னும் சிரித்தாள்.

"உங்களத் தேடி வாறவன் எல்லாம் எஞ்சினோட ஆக்கும் வாறான். எஞ்சின் இல்லாம ஒரு ஆளு வரட்டு, நான் சட்டையத் தேய்ச்சுத் தாறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். பயஸுக்குச் சுருக்கென்று தைத்தது. இன்டர்வியூவில் இதையே கேட்டால் என்ன சொல்வது? பேசாமல் போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தான்.

அந்த நேரம் பார்த்து லிண்டோ வந்தான்.

தோளில் சாக்கில் கட்டிய எஞ்சின். முக்கி முனகிப் பட்டறை மூலையில் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

உள்ளே ஸ்டெஃபி பாத்திரத்தை உருட்டினாள். வந்தாச்சு பாருங்க இன்னொரு எஞ்சின் என்று அர்த்தம்.

பயஸ் ஸ்பானரோடு எழுந்தான்.

"சாக்க அவிழ்க்காண்டாம் மக்கா, சூடு ஆறட்டு. ஓடிட்டு இருக்கும்போ நின்னு போவுது."

எப்போதிலிருந்து என்று கேட்டான் பயஸ்.

"ரெனிலு கல்ஃபுக்குப் போறேன்னு சொன்ன நாளுல இருந்து."

ரெனில் லிண்டோவின் தம்பி. இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். தம்பி விசா என்று வாய் திறந்ததிலிருந்து பேச்சு இல்லை. வலை இழுக்க வேண்டுமென்றால் அண்ணன் ஒரு தடவை இருமுவானாம். விட வேண்டுமென்றால் தம்பி இருமுவானாம். கரைக்கு வந்துவிட்டால் அதுவும் கிடையாது.

போகட்டும் விடு என்று பயஸுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். யோசனை சொல்ல அவசரப்படாதே, முதலில் கேள் என்று புத்தகத்தில் படித்திருந்தான். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

லிண்டோ விசா ஏஜென்ட்டைத் திட்டினான். தம்பி வாங்கிய புது சூட்கேஸைத் திட்டினான். அது சிவப்பு நிறமாம், அதற்கும் திட்டு. பிறகு தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்தான்.

"அவன் போனா நான் ஆருகிட்ட சண்டை பிடிப்பேன், எலே?"

பயஸ் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் லிண்டோ தானாகவே சிரித்தான். ரெனிலைப் பார்க்க அவன் வீட்டுக்கே போகப் போகிறானாம். ஒரு வார்த்தை பேசாமல் பிளேன் ஏற்றிவிட முடியுமா? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பியே விட்டான். எஞ்சினைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வானாம்.

அவன் போவதைப் பார்க்க பயஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் ஸ்டெஃபி வைத்த பந்தயத்தில் பயஸ் தோற்றவன்தான்; லிண்டோவும் எஞ்சினோடுதானே வந்தான்.

ஸ்டெஃபி துடைப்பத்தோடு வந்தாள். மூலையைப் பெருக்குவதற்காகச் சாக்கை நகர்த்தப் போனாள். நாற்பது கிலோவுக்குத் தயாராகக் குனிந்தவளின் ஒற்றைக் கையோடு அது மேலே வந்துவிட்டது.

கட்டை அவிழ்த்தாள். உள்ளே தேங்காய் உரித்த கதம்பை மட்டைகள். நடுவில் ஒரு காலி மண்ணெண்ணெய்க் கேன்.

மனசு சரியில்லை, ஒருத்தனிடம் பேசப் போகிறேன் என்று கரை முழுக்கப் பார்க்க எந்த ஆம்பிளை நடந்து வருவான்?

ஸ்டெஃபி சாக்கைப் பழையபடி கட்டி வைத்தாள். நேராக அடுப்படிக்குப் போய், தேய்ப்புப் பெட்டியில் சிரட்டைக் கனலை அள்ளிப் போட்டாள்.