ட்ரோனுக்குத் தண்ணீர்

மேல்மலைப் பாறையில் ட்ரோன் வந்து இறங்குகிறது. தேயிலைக்கு அடிக்கும் மருந்து தீர்ந்துவிட்ட அதன் வெள்ளைத் தொட்டியில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. அதை மறுபடி நிரப்பத் தண்ணீர் வேண்டும். வண்டி ஏறாத அந்தச் சரிவில், ஓடைத் தண்ணீரைத் தலையில் சுமந்து ஏறி வருகிறாள் சிவபாக்கியம். மூடி சரியாக இறுகாத கலன் தளும்பும்போதெல்லாம் குளிர்ந்த நீர் கழுத்து வழியாக முதுகில் இறங்குகிறது. வீங்கிய முழங்காலில் ஒவ்வொரு அடிக்கும் வலி தெறிக்கிறது. மேலே, கொழும்பிலிருந்து வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள். "இனிமே மருந்து டாங்கிய யாரும் முதுகுல சுமக்க வேண்டியதில்ல," என்று தோட்டத்தில் வேலை வாங்கும் அதிகாரியான கண்டாக்கு அவர்களிடம் பெருமையாகச் சொல்வது அவளுக்குக் கேட்கிறது. முதுகிலிருந்த சுமை தலைக்கு ஏறியிருப்பது இவர்கள் யார் கண்ணிலும் படவில்லையா? அவள் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். "ஐயா, இது ஓடைக்கே போயி தண்ணி தூக்கிட்டு வராதுங்களா?" மேலே சிரிப்பு எழுகிறது. "தண்ணி தூக்கவா இத வாங்கினோம்? இதோட வெல தெரியுமா ஒனக்கு?" என்கிறார் கண்டாக்கு. பின்னால் இன்னொரு கலனோடு ஏறிவரும் லோஜினி முணுமுணுக்கிறாள்: "நம்ம வெல அவருக்குத் தெரிஞ்சிருக்குக்கா." சிவபாக்கியம் சிரிக்கவில்லை. கலனை இறக்கிப் பாதை நடுவில் வைக்கிறாள். பக்கத்திலேயே காலை நீட்டி உட்காருகிறாள். "என்னம்மா ஒக்காந்துட்ட? சீக்கிரம் கொண்டா!" என்று கண்டாக்கு கத்துகிறார். "அதுதான் பறக்குதுங்களே ஐயா. வந்து எடுத்துக்கச் சொல்லுங்க." மேலே சிரிப்பு அடங்குகிறது. அவள் கலனின் மூடியைத் திருகித் திறக்கிறாள். ட்ரோனுக்குக் கொண்டுவந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் முழங்காலில் ஊற்றிக்கொள்கிறாள்.