சத்தம் போடாத கார்

பசைச் சட்டியின் மேல் நிழல் விழுந்த பிறகுதான் அய்யம்மாள் நிமிர்ந்தாள். வாசலில் பட்டாசுக் கம்பெனி முதலாளி அய்யாதுரையின் புதுக் கரண்டு கார் நின்றது. டிரைவர் கருத்தப்பாண்டி மட்டும் இறங்கினான்.

போன மாதம் வரை முதலாளியிடம் இருந்தது டீசல் ஜீப். அது வெம்பக்கோட்டையில் கிளம்பினால் அந்தச் சத்தத்துக்குத் தாயில்பட்டியில் பால் திரிந்துபோகும். இந்தக் கார் வந்தபின் தெருநாய்களுக்குப் பிழைப்பே போய், ஒன்றையொன்று பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன.

"என்ன கொழுந்தனாரே, பூனை கணக்கா வந்து நிக்கீக?" என்றாள். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிய கையெல்லாம் பசை.

"முதலாளி ஒங்களக் கூட்டியாரச் சொன்னாக மதினி. கெளம்புங்க."

அய்யம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் புருஷன் மாரிக்கண்ணன் அதே கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்துகிறவன். "முதலாளிட்டக் கேட்டு, ஒன்னய ஒரு நாளாச்சும் அந்தக் கார்ல ஏத்துதேன் பாரு" என்று காலையில்தான் சொன்னான். "ஆமா, ஏத்திக் கிளிச்சீக" என்று இவள் சொல்லப்போக, கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டான்.

"ரோசத்துல சாதிச்சுப்புட்டாகளே. இனி நாந்தான் வாயப் பொத்தணும்." கையைக் கழுவிவிட்டு, அவன் தொடாமல் வைத்துப்போன சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டாள். எப்படியும் அவனை இன்றைக்கே சமாதானப்படுத்திவிட வேண்டும்.

எதிர்வீட்டு இசைவாணி காரைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது.

"வயித்தெரிச்சலப் பாருங்க" என்றாள் அய்யம்மாள்.

செருப்பை வாசலிலேயே கழற்றினாள். மருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் உடம்புக் கரண்டு இறங்கத் தகட்டைத் தொடுவார்களே, அதுபோலத் தெரு அடிபம்பை ஒரு தரம் தொட்டுவிட்டு ஏறினாள்.

"வண்டியே கரண்டு. எங்கரண்டும் சேந்தா என்னத்துக்கு ஆகும்?"

கருத்தப்பாண்டி சிரிக்கவில்லை.

கார் தெருமுனையைத் தாண்டியது. ஆனைக்குட்டம் ரோட்டில் திரும்பாமல் நேரே போனது.

"கம்பெனிக்கு அங்கன திரும்பணும். புது வண்டியில வழியும் மறந்துபோச்சாக்கும்?"

"கம்பெனிக்கு இல்ல மதினி." அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு."

அய்யம்மாள் பின்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள். ஒரு வீட்டுக் கதவுகூடத் திறந்திருக்கவில்லை.

கம்பெனியில் யாராவது வெந்து செத்துப்போனால்தான் முதலாளியின் வண்டி இந்தத் தெருவுக்குள் வரும். தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டதுமே பெண்கள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவார்கள். சாத்திய கதவின் முன்னால் அது நிற்காது என்று ஒரு நம்பிக்கை. புதுக் காரின் பவுசில் அவளுக்கு அது மறந்துபோயிருந்தது.

தூக்குச்சட்டியை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"சத்தம் கேட்டிருந்தா, நானும் கதவச் சாத்தியிருப்பேனே."