ஒன்றேகால் இறாத்தல் கோடாலி

"இதைவிடப் பாரம் குறைஞ்சது இல்லையோ, பிலிப்பு?"

ஊர்காவற்றுறையில் இரும்புக்கடை வைத்திருந்த பிலிப்பு, தான் எடுத்து வைத்த இரண்டு கோடாலிகளையும் பார்த்தார். பிறகு எதிரே நின்ற சிவபாதத்தின் வயிற்றைப் பார்த்தார்.

"அண்ணை, கோடாலியிலை குறைக்கிற பாரத்தை வேறை எங்கையாவது குறைக்கலாமே?"

"அது முப்பது வருசச் சேமிப்பு. அவசரத்துக்குக் குறைக்க ஏலாது" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார் சிவபாதம். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

எண்பத்து மூன்று கலவரத்தோடு நின்றுபோயிருந்த கதிர்காமப் பாதயாத்திரை, ஐந்து வருடம் கழித்து அப்போதுதான் மறுபடி தொடங்கியிருந்தது. புளியங்கூடலிலிருந்து ஏழு பேர் புறப்படுகிறார்கள். நாற்பத்தைந்து நாள் நடை. கடைசிப் பகுதி முழுக்கக் காடு. தங்குமிடங்களில் விறகு வெட்டவும் வழியில் முள்ளை விலக்கவும் ஒரு கைக்கோடாலி வேண்டும். ஆனால் அது தோளில் தொங்குவதே தெரியக்கூடாது.

"நேர்த்திக்கடனெண்டு கேள்விப்பட்டனான்" என்றார் பிலிப்பு.

"ஓம். கடைசி மகளுக்கு நெருப்புக்காய்ச்சல். பதினெட்டு நாள் பிள்ளை கண் திறக்கேல்லை. எழும்பினால் கதிர்காமத்துக்கு நடந்தே வாறமெண்டு கோயில் வாசலிலை நிண்டு கத்தினனான். முருகனுக்கு எவ்வளவு கேட்டுதோ தெரியாது, புளியங்கூடல் முழுக்கக் கேட்டிட்டுது."

"பிள்ளை இப்ப?"

"பள்ளிக்கூடம் போறாள்." சிவபாதம் முதல் கோடாலியை எட்டி எடுத்தார். "அதாலைதான் கண்டதையும் எடுக்க மனமில்லை."

அது பனங்குற்றி பிளப்பது. தூக்கியவுடனே திருப்பி வைத்துவிட்டார். இரண்டாவது கப்பலில் வந்தது. சிவப்பு வர்ணம் பளபளத்தது.

"வர்ணத்தைச் சுரண்டினால் உள்ளுக்குக் கோடாலி இருக்குமோ?"

பிலிப்புவுக்கு ரோசம் வந்துவிட்டது. வாசலில் கிடந்த வேப்பங்கட்டையின் கணுவில் ஓங்கி ஒரு போடு போட்டார். கோடாலியின் வாய் மழுங்கி மடிந்தது. உள்ளே போனவர், சாக்கில் சுற்றிய மூன்றாவதோடு வந்தார்.

"இது லொறி வில்லுத் தகட்டிலை அடிச்சது. கடையிலை தொங்க விடுறேல்லை, நல்லது தெரிஞ்ச ஆக்களுக்குத்தான்."

சிவபாதம் தராசில் வைத்துப் பார்த்தார். பிடியோடு ஒன்றேகால் இறாத்தல், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பிடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து மர இழை நேராக ஓடுகிறதா என்று பார்த்தார். ஆப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று கோடாலித் தலையை ஆட்டிப் பார்த்தார். நகைக்கடையில் நிற்பவரைப் போல இருந்தது.

"வெட்டித்தான் பாருங்கோவன்" என்றார் பிலிப்பு.

முதல் வெட்டு மணலில் விழுந்தது. இரண்டாவதில் கோடாலி கட்டையில் இறுகி, கட்டையும் கூடவே எழும்பி வந்தது. மூன்றாவதில் கட்டை பிளந்தது. சிவபாதம் ஆணிச்சாக்கின் மேல் தொப்பென்று இருந்து மூச்சு வாங்கினார்.

"முத்திரை குத்தினதைத் தவிர, இந்தக் கை வேறை ஒண்டையும் வெட்டிக் குத்தேல்லை, பிலிப்பு."

"குறை நினையாதேங்கோ அண்ணை. இந்த மூச்சோடை கதிர்காமமோ?"

"சங்கக்கடைக்குப் போறதுக்கே பஸ் பாத்து நிக்கிறவன் நான். நேர்த்தி வைக்கிற நேரம் அது ஞாபகம் வரேல்லையே!"

தன்னடக்கம் என்று நினைத்துப் பிலிப்பு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிடியை மட்டும் இன்னும் கொஞ்சம் சீவித் தாரும்" என்றார் சிவபாதம்.

"இனியும் சீவினால் உங்கடை கைக்குள்ளை நிக்காது, நழுவும்."

"நழுவாது. நீர் சீவும்."

பிலிப்பு சீவினார். சிவபாதம் இரண்டு விரலால் வளைத்துப் பார்த்து, இன்னும் ஒருமுறை சீவச் சொன்னார்.

"வழியிலை ஆமிக்காரன் மறிச்சால் என்ன சொல்லுவியள்?"

"இவ்வளவு சின்னனைப் பாத்தால் சிரிச்சுப்போட்டு விட்டிடுவான்" என்று அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு புறப்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலடியில் ஊரே கூடியிருந்தது. காவித்துணியில் தைத்த தோள்பையைச் சுமந்துகொண்டு சிவபாதம் வந்தார். அவர் மனைவி அன்னபூரணம் பக்கத்தில் வந்தாள். வீட்டிலிருந்து அந்தக் கால் மைல் தூரத்துக்குள் அவர் பையை நாலு தரம் இறக்கி, வார் தோளை அறுக்குமோ என்று தடவிப் பார்த்திருந்தார்.

"வாரும் சிவபாதம், நேரமாகுது" என்றார் யாத்திரைக்குத் தலைமை தாங்கும் செல்வரத்தினம். அவர் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு இருந்தது.

பக்கத்து வீட்டு யோகம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, சிவபாதத்தின் கழுத்தில் பெரிய செவ்வரத்தம்பூ மாலையைப் போட்டாள். "பத்திரமாப் போட்டு வாங்கோ அண்ணை. உங்களை மாதிரி ஒரு தேப்பன் ஆருக்குக் கிடைக்கும்!"

நாதஸ்வரம் தொடங்கியது. சிவபாதத்துக்குக் காது வரை சூடேறியது.

"தங்கச்சி, நேர்த்தி வைக்கேக்கை நான் முழங்காலிட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. டொக்டர் கேட்டுப்போட்டு, வீட்டுப் படலை வரைக்கும் நடந்தால் போதுமெண்டிட்டார். ஊருக்குச் சொல்ல வெக்கமாக்கிடந்தது" என்றபடி மாலையைக் கழற்றி அன்னபூரணத்தின் கழுத்தில் போட்டு, பையை மெல்ல அவள் தோளில் மாட்டிவிட்டார்.

ஏழாவது ஆளாக வரிசையில் போய் நின்ற அன்னபூரணம் திரும்பிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு ரெட்டைப் பின்னல் போட்டுத்தான் பள்ளிக்கூடம் விடவேணும், நாப்பத்தைஞ்சு நாளும்."